மேனேஜர் மாறிக்கொண்டே இருந்த கால்பந்துக் கிளப்புகள்: பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2010 செப்டம்பரில் வேலைக்காக இங்கிலாந்தின் பிளாக்பர்னுக்குப் போனேன். மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் பழைய பஞ்சாலை ஊர். போல்டன் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் மாடி அறை கிடைத்தது. பிளாக்பர்ன் ரோவர்ஸ் ஆடும் ஈவுட் பார்க் மைதானம் அங்கிருந்து நடக்கிற தூரம். வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டியவர், மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். சனிக்கிழமை வந்தால் நீலமும் வெள்ளையும் கலந்த ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். மூன்றாவது வாரம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை எனக்குக் கால்பந்து என்றால் உலகக் கோப்பை சமயத்தில் டிவியில் பார்ப்பதுதான்.

மைதானத்துக்கு வெளியே ஜாக் வாக்கரின் சிலை இருக்கிறது. பெரியவர் என்னை அங்கே நிறுத்தித்தான் கிளப்பின் கதையைச் சொன்னார். வாக்கர் அந்த ஊர்க்காரர், இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர். 90களின் தொடக்கத்தில் கிளப்பைக் கையில் எடுத்தார். கென்னி டால்கிலிஷ் மேனேஜராக வந்தார் (அணியைத் தேர்ந்தெடுத்து ஆட வைக்கும் தலைமைப் பொறுப்பை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), கோல் அடிக்க ஆலன் ஷியரர் வந்தார், 1995இல் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கையே ஜெயித்தார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டை ஒரே ஒரு புள்ளியில் முந்தி. 2000இல் வாக்கர் இறந்தார். அவர் விட்டுப்போன டிரஸ்ட் பத்து வருடம் கிளப்பை வைத்திருந்து, 2010 நவம்பரில் புனேயின் வெங்கீஸ் நிறுவனத்துக்கு விற்றது. விலை சுமார் 2.3 கோடி பவுண்டு. நம் ஊர்க் கோழிப்பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த அதே வெங்கீஸ்தான்.

அன்று பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உன் நாட்டுக்காரர்கள் எங்கள் கிளப்பை வாங்கியிருக்கிறார்கள், நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன் என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆபீஸில் இரண்டு பேர் வந்து வாழ்த்துச் சொன்னார்கள், ஏதோ நானே வாங்கியதைப் போல.

சரியாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 13, ஊரெல்லாம் பனி கொட்டிக் கிடந்த நேரம். மேனேஜர் சாம் அலர்டைஸை நீக்கிவிட்டார்கள். அணி அப்போது 13வது இடத்தில் இருந்தது, ஆபத்து எதுவும் இல்லை. அணியின் பயிற்சியாளராக இருந்த ஸ்டீவ் கீன் பொறுப்புக்கு வந்தார். அதுவரை எந்தக் கிளப்பையும் அவர் தலைமையேற்று நடத்தியதில்லை. ஜனவரியில் ரொனால்டினோவைக் கூட்டிவரப் போகிறார்கள் என்று பேச்சு. பெரியவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. அவருக்குக் கவலையாக இருந்தது வேறு செய்தி: பல வருடங்களாகக் கிளப்பை நடத்திவந்த சேர்மன் ஜான் வில்லியம்ஸ் 2011 பிப்ரவரியில் போய்விட்டார். அவரோடு வேலை பார்த்த பெரிய பொறுப்பாளர்களும் அந்த வருடமே ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். "கடையை விற்றால் பரவாயில்லை, கணக்கு தெரிந்தவனையும் அனுப்பிவிட்டார்களே" என்றார் பெரியவர். அவர் சொன்ன அர்த்தம் முழுதாகப் புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

2012 மே 7. திங்கட்கிழமை இரவு, விகன் அணியோடு ஆட்டம். விடாத மழை. முதல் பாதியில் யாரோ ரோவர்ஸ் கொடியைச் சுற்றிய ஒரு கோழியைத் தரையில் இறக்கிவிட்டார்கள். வெள்ளைக் கோழி, நனைந்துகொண்டே புல்லில் நின்றது. சுற்றிலும் சிரிப்பு. டிவியில் உலகமே பார்த்துச் சிரித்திருக்கும். என் பக்கத்தில் பெரியவர் ஸ்கார்ஃபின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது கார்னரிலிருந்து வந்த பந்தை விகனின் அல்கராஸ் தலையால் உள்ளே தள்ளினார். 1-0. பதினோரு வருடம் பிரீமியர் லீக்கில் இருந்த கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது இருவரும் பேசவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "அவர்கள் இன்று வந்திருந்தார்களா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் இந்தியன் என்பதால் அந்த ஊரில் பலரும் என்னிடம்தான் கேட்பார்கள். உங்கள் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள், அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று. கோபமாக யாரும் கேட்டதில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அப்புறம் வந்த சீசன் இருக்கிறதே, அதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். பெரியவர் ஒவ்வொரு ஹோம் மேட்சுக்கும் விற்கும் சிறு புத்தகத்தை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். அதில் முதல் சில பக்கங்களுக்குள் மேனேஜர் ரசிகர்களுக்கு எழுதும் பக்கம் ஒன்று, போட்டோவோடு இருக்கும். 2013 மார்ச்சில் ஒரு நாள் இரவு அந்தச் சீசனின் புத்தகங்களை எல்லாம் சமையலறை மேஜையில் வரிசையாகத் திறந்து வைத்திருந்தார். ஸ்டீவ் கீன். அவர் செப்டம்பர் கடைசியில் ராஜினாமா. தற்காலிகமாக எரிக் பிளாக். அப்புறம் ஹென்னிங் பெர்க், 1995 கோப்பை அணியில் தடுப்பாட்டக்காரராக ஆடியவர், பெரியவருக்கு மிகப் பிடித்தவர். 57 நாள், பத்து ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. டிசம்பர் 27 அன்று நீக்கம். தற்காலிகமாக கேரி போயர். அப்புறம் மைக்கேல் ஆப்பிள்டன், 67 நாள். மறுபடியும் போயர். எல்லாப் பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகள்: கடினமாக உழைப்போம், ரசிகர்களின் ஆதரவு வேண்டும். முகம் மட்டும் வேறு. பெரியவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசிப் புத்தகத்தில் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

மேனேஜரை மாற்றுவது எல்லாக் கிளப்பிலும் நடக்கிறது. இங்கே யார் மாற்றுகிறார்கள் என்றே தெரியவில்லை. முதலாளிகள் புனேயில். அவர்களுடைய ஆலோசகர் ஷெபி சிங் மலேசியாக்காரர். ஆப்பிள்டனை நீக்கிய கடிதத்தில் இருந்தது அவர் கையெழுத்து. ஈவுட் பார்க்கில் நிர்வாக இயக்குநராக டெரெக் ஷா. பெர்க் தன் ஒப்பந்தப் பணத்துக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைக் கொடுக்க ஷாவுக்கு அதிகாரமே இல்லை என்று கிளப் தரப்பில் வாதிட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை, 22.5 லட்சம் பவுண்டு கொடுக்கச் சொன்னது. பணம் போனதைவிட அந்த வாதம்தான் என் மனதில் நிற்கிறது. ஒரு கிளப் தன் வாயாலேயே, எங்கள் வீட்டில் பெரியவர் யார் என்று எங்களுக்கே தெளிவில்லை என்று சொன்ன மாதிரி இருந்தது.

முதலாளிகள் பணம் போடவில்லை என்று சொல்ல மாட்டேன். வருடா வருடம் கோடிக்கணக்கில் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அது உண்மை. ஆனால் பணம் அனுப்புகிறவர் தூரத்தில் இருந்து, பக்கத்தில் விஷயம் தெரிந்த ஆளும் இல்லாமல் போனால், அந்தப் பணம் முறிந்த ஒப்பந்தங்களுக்கு நஷ்ட ஈடாகவே கரைகிறது.

நான் 2014இல் ஊர் திரும்பிவிட்டேன். உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

—

அண்ணா, நான் நாமக்கல். எங்கள் பண்ணையில் இருப்பது பி.வி. 300 முட்டைக்கோழிகள்தான், வெங்கீஸ் குழுமத்தின் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் குஞ்சு. நல்ல கோழி, குறை சொல்ல எதுவும் இல்லை. அதனால்தான் அந்த நாளில் பிளாக்பர்ன் செய்தியை நாங்கள் எல்லோரும் ஆர்வமாகப் பார்த்தோம். எங்கள் அப்பாவுக்குக் கால்பந்து தெரியாது. ஆனாலும் பேப்பரில் பார்த்துவிட்டு, ஒரே வருடத்தில் எத்தனை ஆளை மாற்றுவார்கள் என்று கேட்டார்.

அவர் ஏன் கேட்டார் என்றால், பண்ணையில் எங்களுக்கு அது பெரிய விஷயம். ஷெட்டில் தீவனம் போடும் ஆள் மாறினால் கோழிக்குத் தெரியும். புது ஆள் நடக்கும் வேகம் வேறு, சட்டை நிறம் வேறு. பழைய ஆள் வாளியைத் தட்டிக்கொண்டே நுழைவார், புது ஆள் சத்தமில்லாமல் திடீரென்று கதவைத் திறப்பார். அவ்வளவுதான், ஒரு வரிசை முழுக்கப் படபடவென்று கூண்டில் அடித்துக்கொள்ளும். அந்த வாரம் முட்டை எண்ணிக்கை இறங்கும், தோல் முட்டை (ஓடு கெட்டியாகாத முட்டை) கூடும். அதனால் ஆளை மாற்றியே ஆக வேண்டும் என்றால் அப்பா பழைய ஆளையும் புது ஆளையும் பத்து நாள் சேர்த்தே உள்ளே அனுப்புவார். மனுஷ அணிக்கும் கோழிக்கும் ஒப்புமை சொல்வதாக நினைக்காதீர்கள். ஆனால் அந்த முதலாளிகளின் வீட்டுத் தொழிலே இதுதானே, இது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

—

கோயம்புத்தூரிலிருந்து. 2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில் இருந்தேன். எங்கள் ஊரில் ஆடிய சென்னை சிட்டி கிளப், மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டு 3-1 என்று ஜெயித்து, ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் பட்டம் வென்ற நாள். சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸை நம்பி வேலையைக் கொடுத்திருந்தார்கள், அவர் கட்டிய அணி அது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதம் பங்கு வாங்கியிருந்தது. இனி வருடா வருடம் இப்படித்தான் என்று நினைத்து என் பையனுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன். இன்று அந்தக் கிளப் எந்த லீக்கிலும் இல்லை. பையன் வளர்ந்துவிட்டான், ஜெர்சி சின்னதாகிவிட்டது, ஆனால் தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறான்.

—

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருசத்துக்கு மேல் கொவென்ட்ரியில் கடை வைத்திருக்கிறேன். பிளாக்பர்ன் அண்ணை எழுதியதை வாசித்து நித்திரை வரவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

எங்கட உதைபந்தாட்டக் கழகத்துக்கு மைதானமே இல்லாமல் போனது. கழகத்தின் உரிமையாளர்களுக்கும் மைதானத்தை வைத்திருந்தவர்களுக்கும் வாடகைப் பிரச்சினை. 2013-14 பருவகாலம் முழுக்க எங்கட அணி நோர்தாம்ப்டனில் இருக்கிற சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானத்தில்தான் சொந்த ஊர் ஆட்டங்களை ஆடினது. முப்பது மைலுக்கு மேல் தூரம். அந்த மைதானத்துக்கு வெளியே ஒரு மேடு இருக்கிறது. உரிமையாளர்களுக்கு ஒரு காசும் போகக்கூடாது, ஆனால் பெடியங்களைத் தனியே விடவும் கூடாது என்று சனம் அந்த மேட்டில் நின்று பார்த்தது. நானும் கடையைத் தம்பியிடம் விட்டுப் போட்டு மூன்று தரம் போனேன். அங்கிருந்து ஆடுகளம் முழுதாகத் தெரியாது. ஒரு பக்கத்துக் கோல் கம்பம் மறைந்துவிடும். உள்ளே சத்தம் கேட்டால்தான் கோல் என்று தெரியும். அதுவும் உள்ளே சனம் குறைவு, சத்தமும் குறைவு. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து சுற்றியிருந்த எல்லோருக்கும் மூடியில் ஊற்றித் தந்தா. நான் யார், எங்கிருந்து வந்தனான் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஊரை விட்டு வேறு இடத்தில் இருக்க வேண்டி வந்தது எனக்குப் பழக்கம். ஒரு கழகத்துக்கும் அது நடக்கும் என்று நினைத்திருக்கவில்லை.

அந்தக் காலத்தில் மேனேஜர்மாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள். 2017இல் நான்காம் பிரிவு வரைக்கும் விழுந்தோம். ஆனால் அதே வருசம் மார்ச்சில் மார்க் ரொபின்ஸ் இரண்டாம் தரம் வந்தார். பெரும்பாலான காலம் அதே உரிமையாளர்கள், அதே காசுக் கஷ்டம், நடுவில் இரண்டு பருவகாலம் பேர்மிங்ஹாமில் போய் ஆட வேண்டியும் வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அந்த மனுசனை ஒருவரும் அசைக்கவில்லை. ஆறு வருசத்தில் வெம்பிளியில் பிரீமியர் லீக் வாசல் வரைக்கும் கொண்டுபோனார். 2023 மே, லூட்டனிடம் பெனால்டியில் தோற்றோம். நான் அங்கே நின்று அழுதேன். சந்தோசமும் கலந்த அழுகைதான்.

—

முதலில் எழுதியவன்தான். நாமக்கல் தம்பி, தோல் முட்டை விஷயத்தைப் பெரியவருக்கு மெயிலில் அனுப்பினேன். அந்த "வாளியைத் தட்டிக்கொண்டே நுழைவார்" என்பதை இரண்டு முறை படித்தாராம்.

கொவென்ட்ரி அண்ணன் சொன்னதுதான் எங்களுக்கும் நடந்தது. 2017 மே 7, மறுபடியும் அதே தேதி. பிரென்ட்ஃபோர்டில் 3-1 என்று ஜெயித்தும், கோல் வித்தியாசத்தில் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். பிரீமியர் லீக் கோப்பை வென்ற கிளப்புகளில் முதலில் அங்கே விழுந்தது இவர்கள்தான். ஆனால் அந்தத் தடவை, பிப்ரவரியில் வந்த டோனி மௌப்ரேயை அனுப்பவில்லை. அடுத்த வருடமே மேலே ஏற்றிவிட்டார், 2022 வரை இருந்தார். பெரியவர் நிம்மதியாகப் பேசிய வருடங்கள் அவை. அப்புறம் பழைய தொல்லை வேறு உருவத்தில் வந்தது: இந்தியாவில் நடக்கும் ஒரு விசாரணையால், முதலாளிகள் கிளப்புக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. 2025 பிப்ரவரியில் அணியை ஐந்தாவது இடத்தில் வைத்திருந்த மேனேஜர் ஜான் யூஸ்டஸ், கடைசி இடங்களில் தவித்துக்கொண்டிருந்த டெர்பி கிளப்புக்குக் கிளம்பிப் போனார். முன்பு ஆடிய கிளப் என்பது ஒரு காரணம்தான். ஆனாலும் மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம் வேலைக்குப் போகிறான் என்றால், அந்த வீட்டுக்குள் என்னவோ இருக்கிறது.

கொவென்ட்ரி அண்ணா, மௌப்ரே எங்களிடம் வருவதற்கு முன்பு உங்களிடம்தானே இருந்தார்? அங்கே எப்படி?

—

ஓம், இருந்தார். 2016 செப்டம்பரில் தானே விலகிப் போனார். அந்தப் பருவகாலத்தில் லீக்கில் ஒரு வெற்றிகூட இல்லை, அட்டவணையில் கடைசி. அவருக்கு இனி ஏலாது, முடிஞ்சுது என்றுதான் கடையில் எல்லோரும் கதைத்தார்கள். நானும் அப்படித்தான் கதைத்தேன். ஐந்து மாதத்தில் உங்களிடம் வந்து ஐந்து வருசம் இருந்திருக்கிறார். அதே மனுசன்.