ரோமிலிருந்து ஒரே நாளில் பொம்பேயும் பொசிடானோவும்: கைடோடு போகும் பஸ் டூர் சரிவருமா?

சேலத்துக்காரன் கேட்டது:

மே கடைசி வாரம் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். நான், மனைவி, ஏழாவது படிக்கும் பையன், அம்மா. ரோமில் நான்கு இரவு தங்கல். பையனுக்கு எரிமலைப் பைத்தியம். எரிமலை புதைத்த பழைய ரோமானிய ஊரான பொம்பேயைப் பார்க்காமல் திரும்பினால் என்னைச் சும்மா விடமாட்டான்.

ஆன்லைனில் தேடினால் எல்லாம் ஒரே மாதிரி டூராகவே வருகிறது. காலை ஏழு மணிக்கு ரோமில் ஏற்றுகிறார்கள். பொம்பேயில் கைடோடு இரண்டு மணி நேரம், அப்புறம் அமால்ஃபி கடற்கரையில் பொசிடானோ, இரவு எட்டு, எட்டரைக்கு ரோமில் இறக்கிவிடுகிறார்கள். ஒருவருக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகிறது. நாலு பேருக்கு யோசிக்க வேண்டிய தொகைதான்.

ஒரே நாளில் இரண்டையும் உருப்படியாகப் பார்க்க முடியுமா, இல்லை வெறும் ஓட்டம்தானா? அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு. சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால்தான் சிரமம். அதோடு சுத்த சைவம். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை_நடைபயணி எழுதியது:

நாங்கள் பஸ் டூரில்தான் போனோம். எனக்குத் திருப்தி. ஹோட்டல் பக்கத்தில் ஏறினோம், தூங்கினோம், பொம்பேய் வாசலில் இறங்கினோம். டிக்கெட் வரிசை, பிளாட்பாரம் தேடுவது, பாஷை தெரியாமல் முழிப்பது எதுவும் இல்லை. கைடு பேசுவது காதில் மாட்டிய ஹெட்செட்டில் தெளிவாகக் கேட்கும். வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு இந்த நிம்மதிக்குக் காசு கொடுக்கலாம் என்பது என் கட்சி.

இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பொசிடானோ ரோடு முழுக்க வளைவு. வாந்தி வரும் ஆள் இருந்தால் முன் சீட்டும் மாத்திரையும் அவசியம். அப்புறம் 'வழியில் ஒரு சின்ன நிறுத்தம்' என்று டூர் விவரத்தில் இருந்தால் அது என்ன நிறுத்தம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் டூர்க்காரர், பெயர் வேண்டாம், சிப்பியில் உருவம் செதுக்கி விற்கும் கடையில் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்.

ரோம்வாசி எழுதியது:

கோடை வந்துவிட்டால் எங்கள் வீடு சத்திரம். என் பக்கம், வீட்டுக்காரர் பக்கம், அவர் ஆபீஸ் நண்பரின் மாமனார் என்று யார் வந்தாலும் கடைசியில் 'பொம்பேய்க்கு எப்ப போறோம்' என்பார்கள். அவர்களோடு பஸ்ஸிலும் போயிருக்கிறேன், ரயிலிலும் போயிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொம்பேய்க்குக் கைடு அவசியம், ஆனால் ரோமிலிருந்தே பஸ் அவசியமில்லை. கடலோர ஊர் என்றால் பொசிடானோவை விட்டுவிட்டு சொரெண்டோ போங்கள்.

ரோமிலிருந்து பொம்பேய் சுமார் 240 கிலோமீட்டர். காபி, டாய்லெட் நிறுத்தமெல்லாம் சேர்த்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். அங்கிருந்து பொசிடானோவுக்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த ரோடு குறுகல், நீளமான பஸ்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, அதனால் சில டூர்களில் நடுவில் சின்ன வண்டிக்கு மாற்றுவார்கள். திரும்புவதற்கு நாலு மணி நேரம். கூட்டிப் பாருங்கள், பதிமூன்று மணி நேர டூரில் எட்டு மணி நேரம் சீட்டில்தான் போகும். நெல்லைக்காரர் சொன்ன நிம்மதி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எரிமலைப் பைத்தியம் பிடித்த பையனுக்கு அது போதாது.

காரணம் இதுதான். இரண்டு மணி நேரத்தில் கைடு காட்டுவது மேற்கு மூலையை மட்டும்: ஊர்ச் சதுக்கமான ஃபோரம், வழக்கு விசாரித்த பஸிலிக்கா மண்டபம், ஒரு குளியலகம், ஒன்றிரண்டு வீடு, எல்லாரும் நமுட்டுச் சிரிப்போடு எட்டிப் பார்க்கும் அந்த விபசார விடுதி. பொம்பேய் 66 ஹெக்டேர் நகரம். மூன்றில் ஒரு பங்கை இன்னும் தோண்டவே இல்லை, தோண்டிய வரைக்கும் நடந்தாலே கால் கழன்றுவிடும். கிழக்குக் கோடியில் இருக்கும் சண்டை அரங்கான ஆம்பிதியேட்டருக்கோ, பதின்மூன்று பேர் விழுந்து கிடந்த அதே நிலையில் இருக்கும் தோட்டத்துக்கோ பஸ் டூர் போவது அபூர்வம். உங்கள் பையன் பார்க்க நினைப்பது இவற்றைத்தான்.

அப்படியானால் கைடே வேண்டாமா என்றால், வேண்டும். உள்ளே விளக்கப் பலகைகள் குறைவு. கைடு இல்லாமல் போனால் அரை மணியில் எல்லாச் சுவரும் ஒரே சுவராகிவிடும். கைடு கண்ணைத் திறந்துவிட்டால் அப்புறம் நாமே பார்த்துக்கொள்ளலாம். தெருவுக்குக் குறுக்கே உயரமான கற்கள் இடைவெளி விட்டுப் பதித்திருக்கும். தெருவில் தண்ணீரும் சாக்கடையும் ஓடும்போது கால் நனையாமல் கடக்க அந்தக் கல். வண்டிச் சக்கரம் போகும் அளவுக்குத்தான் நடுவில் இடைவெளி. குனிந்து பார்த்தால் சக்கரம் தேய்த்த பள்ளம் விரல் ஆழத்துக்குக் கல்லில் ஓடியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிகள்தான். தண்ணீர் கொட்டும் முகத்துக்குப் பக்கத்துக் கல் விளிம்பில் குழி விழுந்திருக்கும். குனிந்து குடிக்கிறவர்கள் கையை ஊன்றி ஊன்றியே அந்தக் கல் தேய்ந்திருக்கிறது. நம் கையை வைத்தால் சரியாக உட்காரும். இதைக் காட்டாமல் பேரரசர் வரிசையை ஒப்பிக்கும் கைடு கிடைத்தால் அது உங்கள் விதி.

சாப்பாட்டுக் கடைகளும் அப்படித்தான். தெருவைப் பார்த்த மேடை, மேடைக்குள்ளே பதித்த மண் ஜாடிகள். வீட்டில் அடுப்பு இல்லாதவர்கள் இங்கே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்கள். ரொட்டிக்கடையில் இடுப்பு உயரத்துக்கு எரிமலைக் கல் திரிகைகள் நிற்கும், கழுதையைக் கட்டிச் சுற்றவைத்தவை. அப்படி ஒரு கடையின் அடுப்பைத் திறந்தபோது கரியான ரொட்டி 81 உள்ளே இருந்தது. எடுக்க ஆள் வரவில்லை.

பையனுக்கு ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அங்கே கிடக்கும் உடல்கள் கல்லாகிப்போன மனிதர்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சாம்பல் இறுகி, உள்ளே இருந்த உடல் மட்கிப்போய், அந்த உருவத்தில் வெற்றிடம் மட்டும் மிஞ்சியது. 1863இல் ஃபியோரெல்லி என்ற அகழாய்வாளர் அந்த வெற்றிடத்தில் பிளாஸ்டரை ஊற்றி, இறுகிய பிறகு சாம்பலை உடைத்து எடுத்தார். எலும்பு உள்ளேயே இருக்கிறது. முகத்தில் துணியைப் பொத்திக்கொண்டிருப்பதுகூடத் தெரியும்.

இன்னொன்று, அவன் கைடோடு சண்டை போடுவதற்கு: கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தது ஆகஸ்ட் 24 என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் கிறுக்கிய தேதி கிடைத்தது, அது அக்டோபரைச் சொல்கிறது. கரி எழுத்து வருஷக்கணக்கில் நிற்காது, அதனால் வெடித்தது அக்டோபரில்தான் என்பது பலரின் வாதம். உங்கள் கைடு எந்தக் கட்சி என்று கேட்கச் சொல்லுங்கள்.

இனி வழி. ரோமா தெர்மினியிலிருந்து நேப்பிள்ஸ் சென்ட்ரலுக்கு அதிவேக ரயில், ஒரு மணி பத்து நிமிஷம். முன்கூட்டிப் பதிவு செய்தால் மலிவு. அதே ஸ்டேஷனில் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் சொரெண்டோ போகும் சர்க்கும்வெசூவியானா லோக்கல். பழைய வண்டி, வேர்க்கும், நிற்க வேண்டியும் வரலாம். பர்ஸை முன் பாக்கெட்டில் வையுங்கள். சீசனில் கம்பானியா எக்ஸ்பிரஸ் என்று சுற்றுலா வண்டி ஒன்றும் ஓடும், கட்டணம் கூடுதல், ஆனால் உட்கார இடம் உறுதி, அம்மாவுக்கு அதுதான் நல்லது. இறங்க வேண்டிய இடம் 'பொம்பேய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி'. பொம்பேய் என்ற பேரில் வேறு ஸ்டேஷனும் உண்டு, அது புது ஊருக்குள். ஸ்காவியில் இறங்கினால் நுழைவாயில் கூப்பிடு தூரம்தான்.

கைடை வாசலிலிருந்து தொடங்கும் இரண்டு மணி நேரக் குழுவாகப் பதிவு செய்யுங்கள். அவர் விடைபெற்ற பிறகு உங்களைக் கொடி காட்டி வெளியே கூப்பிட யாரும் இல்லை. அப்புறம் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன். பையனிடம் வரைபடத்தைக் கொடுத்து முன்னால் விடுங்கள்.

மத்தியானம் அதே ரயிலில் இன்னும் அரை மணி போனால் சொரெண்டோ.

சேலத்துக்காரன் எழுதியது:

மிக்க நன்றி மேடம். மனைவியிடம் படித்துக் காட்டினேன். 'பொசிடானோ போட்டோ எடுக்கணும்னு எத்தனை நாளா சொல்றேன்' என்று ஒரே மனத்தாங்கல். அதை விட்டுவிட அப்படி என்ன காரணம்? அம்மா விஷயமும் சொல்லுங்கள்.

ரோம்வாசி எழுதியது:

பொசிடானோ அழகில்லை என்று சொல்லவில்லை. மலைச்சரிவில் ஒன்றின் மேல் ஒன்றாக வீடுகள், நடுவில் மஞ்சளும் பச்சையுமாக ஓடு பதித்த சர்ச் கும்மட்டம். ஆனால் அந்த ஊர் முழுக்கப் படிதான். பஸ் நிற்பது மேலே, கடற்கரை கீழே. இறங்கிக்கூட விடலாம், ஏறுவதை நினைத்துப் பாருங்கள். டூர் கொடுக்கும் ஒன்றரை மணியில் இறங்கி, ஒரு எலுமிச்சை சர்பத் சாப்பிட்டு, ஏறிவிட வேண்டும். வீட்டம்மாவுக்கு அந்தப் படம் வேண்டுமென்றால் தனியாக ஒரு நாள் சொரெண்டோவில் தங்கி, படகில் போகச் சொல்லுங்கள். கடலிலிருந்து பார்க்கும்போதுதான் ஊர் முழுசாகத் தெரியும்.

சொரெண்டோ செங்குத்தான பாறை மேல் இருக்கிறது, ஆனால் மேல்பகுதி நடக்கச் சுலபம். ஸ்டேஷனிலிருந்து ஊர் நடுச் சதுக்கமான பியாட்ஸா தாஸோவுக்கு ஐந்து நிமிஷ நடை. அங்கிருந்து வில்லா கொமுனாலே பூங்காவுக்குப் போனால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் வெசூவியஸைப் பார்க்கலாம். காலையில் பார்த்த ஊரைப் புதைத்த மலை அது. துறைமுகத்துக்கு இறங்கப் பூங்காவிலேயே லிஃப்ட் உண்டு. நீங்களும் பையனும் போங்கள், அம்மா மேலேயே இருக்கட்டும்.

பொம்பேயில் அம்மாவுக்கு: போர்த்தா மரீனா நுழைவில் ஏற்றம், கல் வழுக்கும். கிழக்கே பியாட்ஸா அன்ஃபிதியாத்ரோ என்று இன்னொரு வாசல் இருக்கிறது. நடக்கச் சிரமப்படுபவர்களுக்காக மேடுபள்ளத்தைக் குறைத்து அமைத்த பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது, மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஸ்டேஷனிலிருந்து அந்த வாசலுக்கு டாக்சி பிடியுங்கள், கைடிடமும் அங்கேயே சந்திப்பதாகச் சொல்லிவிடுங்கள். செருப்பு கூடவே கூடாது, ரப்பர் அடி வைத்த ஷூ. நிழல் கிடையாது, தொப்பி எல்லாருக்கும். தண்ணீருக்குக் கவலையில்லை, பழைய தொட்டிகள் சிலவற்றில் இப்போது குழாய் வைத்திருக்கிறார்கள், குடிக்கலாம்.

சைவத்துக்குப் பயமே வேண்டாம். சொரெண்டோவில் ஞொக்கி அல்லா சொரெண்டினா கேளுங்கள், உருளைக்கிழங்கு உருண்டை, தக்காளி, மொஸரெல்லா, துளசி வகை இலை. சீஸ் வேண்டாம் என்றால் மரினாரா பீட்சா, தக்காளி, பூண்டு, ஆரிகானோ, எண்ணெய் மட்டும்தான். எதை வாங்கினாலும் 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே' என்று சொல்லிவிடுங்கள். வெறும் வெஜ் என்றால் மீனைச் சேர்த்துவிடுகிற ஆட்கள் உண்டு.

கல்வெட்டுக்கிறுக்கன் எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நேப்பிள்ஸில் ஒரு மணி நேரம் மிஞ்சினால் தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். பொம்பேயின் நல்ல பொருளெல்லாம் அங்கேதான், அலெக்ஸாண்டர் போர்க்கள மொசைக் உட்பட. பொம்பேய் வீட்டில் கிடப்பது நகல்.

நம்மூர் ஆட்கள் போகக் காரணம் வேறு. 1938இல் பொம்பேயில் ஒரு வீட்டிலிருந்து எடுத்த இந்தியத் தந்தச் சிலை அங்கே இருக்கிறது, ஒரு முழத்துக்கும் குறைவு. நகை பூட்டிய பெண், இரண்டு பக்கமும் சின்னத் தோழிகள். 'பொம்பேய் லட்சுமி' என்று பேர் வைத்துவிட்டார்கள், யட்சி என்பதே பொருத்தம் என்று அறிஞர் பலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுச் சரக்கு இல்லை, மகாராஷ்டிரத்துப் போகர்தனில் கிடைத்த உருவங்களோடுதான் ஒற்றுமை. ஆனாலும் சேரர் துறைமுகமான முசிறியிலிருந்து மிளகு ஏறிப்போன அதே காலம். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் லீவு, பார்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லை_நடைபயணி எழுதியது:

ரோம்வாசி அக்கா சொன்ன பிறகு ஆம்பிதியேட்டர் பார்க்கவில்லையே என்று இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இருந்தாலும் மூன்று வண்டி மாறுவது என்பது எங்கள் அப்பாவோடு நடக்காத காரியம். அவரவர் வீட்டு நிலவரம்.

சேலத்துக்காரன் எழுதியது:

முடிவு பண்ணியாச்சு. ரயில், வாசலில் கைடு, சொரெண்டோ. அருங்காட்சியகம் அடுத்த முறை. டிக்கெட் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா?

ரோம்வாசி எழுதியது:

வேண்டாம், இப்போதே ஆன்லைனில் வாங்குங்கள். ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று 2024 நவம்பரிலிருந்து வரம்பு வைத்துவிட்டார்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும், அதனால் நாலு பேருடைய பாஸ்போர்ட்டும் கையில் வேண்டும். பையனுக்குப் பதினெட்டு ஆகாததால் இலவசம், ஆனாலும் அவன் பெயரிலும் ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம், அன்றைக்கு மட்டும் போய்விடாதீர்கள், கூட்டம் தாங்காது. பை 30க்கு 30க்கு 15 சென்டிமீட்டரைத் தாண்டினால் உள்ளே விடமாட்டார்கள், வாசலில் வைத்துவிட்டுப் போக இடம் உண்டு.

திரும்பும்போது சொரெண்டோவிலிருந்து நேப்பிள்ஸுக்கு லோக்கலில் ஒரு மணிக்கு மேல் ஆகும், அது தாமதமாவதும் உண்டு. ஏழரை மணி ரயில் என்றால் ஐந்தரைக்கே கிளம்புங்கள். வீட்டம்மாவுக்கு எலுமிச்சை சோப்பு வாங்க வேண்டுமென்றால் அதையும் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.