நீச்சல்குளத்து பம்ப், ஃபில்டர், பைப் வேலையை நாமே செய்யலாமா?

தொண்டாமுத்தூரான்:

வணக்கம். தோட்டத்து வீட்டில் குழந்தைகளுக்காக 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழத்தில் ஒரு நீச்சல்குளம் கட்டியிருக்கிறோம். கான்கிரீட், டைல்ஸ் எல்லாம் முடிந்துவிட்டது. சுற்றிலும் நடைதளம் மட்டும் பாக்கி. மேல்மட்டத் தண்ணீரை இழுக்க ஒரு ஸ்கிம்மர், அடித் தண்ணீரை இழுக்க அடியில் ஒரு மெயின் டிரெயின், தண்ணீர் திரும்பி வர இரண்டு இன்லெட். எல்லாவற்றுக்கும் 63 மி.மீ பைப் புதைத்து பம்ப் ரூம் வரை இழுத்து விட்டிருக்கிறார்கள். இனி பம்ப், சாண்ட் ஃபில்டர், தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வு, உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் உப்பு குளோரினேட்டர், லைட் மாட்ட வேண்டும். அதற்கு ஒரு நிறுவனம் கேட்கிற கூலி சாதனங்களின் விலையில் பாதிக்கு மேல் வருகிறது.

கணக்கு போட்டுப் பார்த்தேன். குளத்தில் 38,400 லிட்டர் நிற்கும். 6 மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் ஒரு சுற்று வர வேண்டுமென்றால் மணிக்கு 6,400 லிட்டர். முக்கால் எச்.பி பம்பும் 500 மி.மீ ஃபில்டரும் தாராளம். சொட்டுநீருக்குத் தோட்டம் முழுக்க மெயின் லைன், சப் லைன், வால்வு எல்லாம் நானே போட்டவன். பம்ப் வார்த்து அனுப்புகிற ஊர்க்காரனுக்கு இது ஆகாத வேலை இல்லை என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

குழாய்க்காரர்:

தம்பி, இதே தொழிலில் இருப்பவன் என்பதால் பிழைப்புக்காகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் சொட்டுநீர் அனுபவம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த லைன் முழுக்க பம்புக்கு அப்புறம் வருவது, அழுத்தத்தில் இருப்பது. ஜாயின்ட் விட்டால் பீச்சியடிக்கும், பார்த்து அடைத்துவிடலாம். குளத்தில் ஸ்கிம்மர் லைனும் டிரெயின் லைனும் பம்புக்கு முன்னால் இருக்கின்றன. அங்கே இழுவைதான். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் பம்ப் ஓடும்போது ஒரு சொட்டு வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பம்பின் கண்ணாடி மூடிக்குள் நுரை சுழன்றுகொண்டே இருக்கும், இன்லெட்டில் குமிழி வரும். ஒருநாள் நிறுத்தி மறுநாள் போட்டால் தண்ணீர் எடுக்காது. யாரும் கவனிக்காமல் வறண்டு ஓடினால் தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் போய்விடும்.

அடுத்தது அளவு. 63 மி.மீ பைப் என்பது நம் ஊர் ஐ.எஸ் 4985 தரநிலைப்படி வரும் பைப், வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் சொல்வது. பம்போடு வரும் யூனியனில், அதாவது கழற்றி மாட்டும் இணைப்பில், 2 இன்ச் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க அளவு. அதற்குள் போகிற பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ. கடையில் கேட்டால் இரண்டையுமே "ரெண்டு இன்ச்" என்று எடுத்துக் கொடுப்பார்கள். 63 பைப்பை ராவி ராவி 2 இன்ச் சாக்கெட்டுக்குள் நுழைத்தவர்கள் உண்டு. 60 பைப்பை 63 சாக்கெட்டில் சொருகி, சுற்றிலும் சொல்யூஷனை அப்பியவர்களும் உண்டு. சொல்யூஷன் இடுக்கை அடைக்கும் பசை கிடையாது. இரண்டு பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்குவதுதான் அதன் வேலை. இடைவெளி இருந்தால் ஒட்டவே ஒட்டாது.

டல்லாஸ் தமிழன்:

அண்ணன் சொன்ன தகவல் அத்தனையும் உண்மை. ஆனால் இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை. ஒரு காலிப்பரை வைத்து அளந்தால் 63, 60.3 குழப்பம் தீர்ந்தது. நான் இருக்கும் டெக்ஸாஸில் பம்ப், ஃபில்டர் மாற்றுவதைத் தாங்களே செய்கிற வீட்டுக்காரர்கள் ஏராளம். வேலையைத் தெரிந்துகொண்டு அவசரப்படாமல் செய்கிறவனுக்கு, சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய ஆளைவிட நேரம் அதிகம் இருக்கிறது.

மூன்று விஷயத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பம்புக்கு முன்னும் பின்னும், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் யூனியன் போடுங்கள், பிறகு எதையும் அறுக்காமல் கழற்றலாம். பம்பின் வாயில் நேராக எல்போ வைக்காதீர்கள், பைப் விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது நேர் பைப் இருக்கட்டும். வரிசை பம்ப், ஃபில்டர், ஹீட்டர் இருந்தால் ஹீட்டர், கடைசியில்தான் குளோரினேட்டர். அதை ஹீட்டருக்கு முன்னால் வைத்தால் காட்டமான குளோரின் தண்ணீர் உள்ளே இருக்கும் செம்பை அரித்துவிடும்.

பணம் இருந்தால் வேகம் மாற்றக்கூடிய பம்ப் வாங்குங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீரும் பாதியாகும், ஆனால் மின்சாரம் எட்டில் ஒரு பங்குக்கு இறங்கும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் அதே தண்ணீருக்குக் கால்பங்கு கரண்டுதான். கணக்கில் வருவது அது, நடைமுறையில் இந்த மிச்சம் கொஞ்சம் குறையும். இங்கே 2021 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதிப்படி, நிலத்தில் பதிக்கும் குளங்களுக்கான பெரிய பம்புகளில் பெரும்பாலானவை இந்த வகையில்தான் வருகின்றன.

கிணத்துக்கடவு வாசகி:

நானும் தொண்டாமுத்தூரான் பக்கம்தான். எங்கள் வீட்டில் ஆள் வைத்துத்தான் செய்தோம். பம்புக்கு அப்புறம் வரும் லைனில் கழிவுநீருக்குப் போடுகிற எஸ்.டபிள்யூ.ஆர் பைப்பைப் போட்டுவிட்டுப் போனார்கள். அது அழுத்தத்துக்கான பைப்பே இல்லை. முதல் கோடையிலேயே ஒரு பெண்டு பிளந்து பம்ப் ரூம் முழுக்கத் தண்ணீர். கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. தொழில்காரர் என்றால் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு எப்படி நம்புவது?

குழாய்க்காரர்:

அம்மா, நீங்கள் சொல்கிற வேலையை நான் ஆதரிக்க மாட்டேன். மோசமான ஆள் இருக்கிறான் என்பதற்கு மருந்து நல்ல ஆளைத் தேடுவது.

டல்லாஸ் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். பைப் அளவைக் காலிப்பரில் அளக்கலாம். மரையை? 2 இன்ச்சில் ஐரோப்பிய, இந்திய மரைக்கு இன்ச்சுக்கு 11 புரி, அமெரிக்க மரைக்கு 11.5 புரி. ஒன்றை ஒன்றில் திருகினால் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், அப்புறம் இறுகும். பழக்கமில்லாத கை "டைட் ஆகிவிட்டது" என்று நினைத்து ரெஞ்சைப் போட்டு இன்னும் கால் சுற்று தள்ளும். மல்டிபோர்ட்டின் உடம்பு பிளாஸ்டிக், கீறல் விழுந்தால் புது வால்வுதான். அதோடு நம் ஊர்ப் பழக்கத்தில் சணலைச் சுற்றி ஏற்றுவார்கள். இரும்புக் குழாய்க்கு அது அருமையான வேலை. பிளாஸ்டிக் மரைக்குள் சணல் தண்ணீரில் ஊதி பெண் மரையைப் பிளந்துவிடும். டெஃப்லான் டேப் மட்டும், கையால் இறுக்கி, அப்புறம் ஒரு சுற்றுக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கை அளவை எந்த வீடியோவும் சொல்லித் தராது.

மின்னல்கொடி:

பைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் மின்பொறியாளர். பைப்பில் தவறினால் பணம் போகும், கரண்டில் தவறினால் குழந்தை போகும். அதனால் என் கேள்வி ஒன்றுதான். தொண்டாமுத்தூரான் அண்ணா, கான்கிரீட் போடுவதற்கு முன் குளத்தின் கம்பிக்கூட்டோடு காப்பர் கம்பி ஏதாவது இணைத்து வெளியே விட்டார்களா?

பம்புக்கு எர்த் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஏணி, கைப்பிடி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, பம்பின் உடல், தண்ணீர், எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். அதற்காக எல்லா உலோகத்தையும் ஒன்றோடு ஒன்று கம்பியால் இணைப்பதுதான் பாண்டிங். எர்த் இருந்து பாண்டிங் இல்லாவிட்டால், எங்கோ கசிகிற கரண்டால் ஏணிக்கும் தண்ணீருக்கும் இடையில் சில வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். ஈர உடம்புக்கு அந்தச் சில வோல்ட்டே அதிகம்.

பம்ப் லைனுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி கட்டாயம். தண்ணீருக்குள் இருக்கும் லைட் 12 வோல்ட், அதற்கான பாதுகாப்பு டிரான்ஸ்ஃபார்மர் பம்ப் ரூமில். குளத்தின் விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் சாதாரண பிளக் பாயின்ட் ஒன்றுகூட வரக்கூடாது. இவற்றை லைசன்ஸ் உள்ள ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

தொண்டாமுத்தூரான்:

கட்டும்போது எடுத்த போட்டோக்களைப் பார்த்தேன் அம்மணி. கம்பிக்கூட்டிலிருந்து காப்பர் எதுவும் வெளியே வரவில்லை. கட்டிய நிறுவனத்தைக் கேட்டால் "அதெல்லாம் தேவையில்லைங்க" என்கிறார்கள்.

டல்லாஸ் தமிழன்:

நடைதளம் இன்னும் போடவில்லை என்றீர்களே, அது நல்லதாயிற்று. இங்கே விதி என்னவென்றால், நடைதளத்துக்குக் கீழே குளத்தைச் சுற்றி உறை இல்லாத 8 கேஜ் ஒற்றைக் காப்பர் கம்பி ஒன்று ஓட வேண்டும். குளத்தின் உட்சுவரிலிருந்து 18 முதல் 24 இன்ச் தள்ளி, தளத்துக்கான மண்மட்டத்துக்கு 4 முதல் 6 இன்ச் கீழே. தளம் போட்டபிறகு இதைச் செய்ய உடைக்க வேண்டியிருக்கும்.

மின்னல்கொடி:

ஆமாம், நம் ஊரில் அதற்குப் பக்கத்து அளவு 10 சதுர மி.மீ. ஆனால் வளையம் மட்டும் போதாது, கம்பிக்கூட்டையும் அதோடு சேர்க்க வேண்டும். டைல்ஸ் இல்லாத வெளிப்பக்கத்தில் கான்கிரீட்டைக் கொத்தினால் கம்பி தெரியும். அதில் முறையான கிளாம்ப் போட்டு இணைத்து, ஈரம் படாமல் மூட வேண்டும். ஒயர்மேன் மீட்டரில் தொடர்ச்சியை அளந்து காட்டிய பிறகுதான் தளம் போடுங்கள்.

குழாய்க்காரர்:

இப்போது பாருங்கள். அந்தப் பெண் கேட்கவில்லை என்றால் தம்பி அடுத்த வாரமே தளம் போட்டிருப்பார். இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அடியில் ஒரே ஒரு டிரெயின். அமெரிக்காவில் 2002இல் கிரேம் பேக்கர் என்ற 7 வயதுக் குழந்தை ஹாட் டப்பின் டிரெயினில் உறிஞ்சப்பட்டு இறந்தது. தாய் இழுத்துப் பார்த்தும் விடுவிக்க முடியவில்லை. அதன் பெயரிலேயே 2007இல் அங்கே சட்டம் வந்தது. ஒரே வாய் வழியாக பம்ப் இழுக்கும்போது உடம்பு அதை மூடிவிட்டால் மொத்த இழுவையும் அந்த உடம்பின் மேல்தான். அதனால்தான் குறைந்தது 3 அடி இடைவெளியில் இரண்டு டிரெயின் வைத்து ஒரே லைனில் சேர்ப்பது. ஒன்று அடைபட்டால் இன்னொன்று தண்ணீர் கொடுக்கும்.

தொண்டாமுத்தூரான்:

ஐயா, வயதில் மூத்தவர், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த ஒற்றை டிரெயினைப் போட்டது நான் இல்லை. காப்பர் விடாததும் நான் இல்லை. இரண்டையும் செய்தது முழுக் கூலி வாங்கிய தொழில்காரர்கள். "தேவையில்லைங்க" என்று சொன்னவர்களும் அவர்களே. நானே செய்ய வேண்டும் என்று கிளம்பியதால்தான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு ஒப்படைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

குழாய்க்காரர்:

அது நியாயமான பேச்சு. மறுக்க மாட்டேன்.

ஆனாலும் கையில் இருக்கிற குளத்துக்கு வழி சொல்கிறேன். மெயின் டிரெயினுக்குத் தனி வால்வு வையுங்கள். தட்டையான சல்லடை மூடியைக் கழற்றிவிட்டு, உடம்பால் மூட முடியாத குவிந்த பாதுகாப்பு மூடியை ஸ்குரூ போட்டுப் பொருத்துங்கள். ஆள் இறங்கும் நேரத்தில் டிரெயின் வால்வு மூடியே இருக்கட்டும், கைப்பிடியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். யாரும் இல்லாத ராத்திரியில் திறந்து ஓட்டிக்கொள்ளலாம். பகலில் ஸ்கிம்மர் மட்டும் ஓடும்போது தண்ணீர் மட்டம் அதன் வாயில் பாதிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இறங்கினால் காற்று இழுக்கும்.

கிணத்துக்கடவு வாசகி:

மணல் போடுவதையும் யாராவது சொல்லுங்கள். எங்கள் ஃபில்டரில் அடியில் இருக்கும் விரல் போன்ற குழாய் உடைந்து, ஒவ்வொரு நாளும் குளத்தில் மணல் விழுகிறது.

டல்லாஸ் தமிழன்:

மூட்டையை அப்படியே கவிழ்த்திருப்பார்கள். முதலில் தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும். நடுக்குழாயின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடி டேப் சுற்ற வேண்டும், இல்லையென்றால் மணல் அதற்குள் இறங்கி நேராகக் குளத்துக்குப் போகும். பிறகு கூழாங்கல், அதற்கு மேல் 0.4 முதல் 0.8 மி.மீ சலித்த சிலிக்கா மணல். ஒவ்வொரு சொம்பாக, சுற்றிலும் பரவலாக. தண்ணீர் இருப்பதால் மணல் மெதுவாக இறங்கி விரல்களின் மேல் அமரும். நடுக்குழாய் சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். எவ்வளவு உயரம் என்று தொட்டியிலேயே போட்டிருக்கும், விளிம்பு வரை நிரப்பக் கூடாது.

முதல் ஓட்டம் பேக்வாஷில், அதாவது தண்ணீரைத் தலைகீழாக விட்டு மணலைக் கழுவும் நிலையில். வெளியே வரும் தண்ணீர் தெளிந்ததும் ரின்ஸ், பிறகு ஃபில்டர் நிலை. அப்போது கேஜ் காட்டும் அழுத்தத்தைத் தொட்டியிலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள். அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ (கேஜில் இருக்கும் அழுத்த அளவு) ஏறினால் அடுத்த பேக்வாஷ். பம்பை நிறுத்தாமல் மல்டிபோர்ட் கைப்பிடியைத் திருப்பாதீர்கள், உள்ளே இருக்கும் கேஸ்கெட் பிய்ந்துவிடும்.

தொண்டாமுத்தூரான்:

சரி, முடிவு செய்துவிட்டேன். கரண்ட் வேலை முழுக்க, பாண்டிங் உட்பட, லைசன்ஸ் உள்ள ஒயர்மேன். பைப், ஃபில்டர், பம்ப் பொருத்துவது நான். குழாய்க்காரர் ஐயா, கடைசியாக ஒன்று. தளம் போடுவதற்கு முன் புதைத்த லைனை எப்படிச் சோதிப்பது?

குழாய்க்காரர்:

நீங்களே செய்வதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பதால் சொல்கிறேன். ஸ்கிம்மர், டிரெயின், இன்லெட் வாய்களை ரப்பர் பிளக்கால் அடையுங்கள். பம்ப் ரூம் முனையில் கேஜும் கைப்பம்பும் மாட்டி, தண்ணீர் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியே விட்டுவிட்டு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தம் ஏற்றுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஏற்றக் கூடாது, பி.வி.சி காற்றழுத்தத்தில் வெடித்தால் துண்டு பறக்கும். ராத்திரி முழுக்க விட்டு காலையில் வெயில் ஏறுவதற்கு முன் முள்ளைப் பாருங்கள், வெயில் பட்டால் அழுத்தம் தானாகக் கூடிக் கசிவை மறைத்துவிடும். முள் இறங்கியிருந்தால் ஒவ்வொரு லைனாகத் தனித்தனியே சோதியுங்கள். எந்த லைன் என்று தெரிந்ததும் இங்கே எழுதுங்கள்.