இசை தொடங்கியதும் என் குரல் ஹாலின் பின்பாதிக்குப் போகவில்லை: கான்ட்ரா நடனத்துக்கு மைக் உதவி தேவை

வரிசைநடனம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் கச்சேரி, திருவிழா, கல்யாண மண்டபம் என்றுதான் பேச்சு ஓடுகிறது. என் கேள்வி கொஞ்சம் விநோதமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கம். இங்கே கான்ட்ரா என்று ஒரு சமூக நடனம் உண்டு. ஜோடி ஜோடியாக எதிரெதிர் நீள வரிசைகளில் நின்று ஆடுவார்கள். ஃபிடில், பியானோ, கிதார் என்று மேடையில் நேரடி இசை இருக்கும். கிரீன்ஃபீல்டில் கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் என்ற மரத்தரை ஹாலில்தான் ஆடப் பழகினேன். இப்போது ஓராண்டாகச் சிறு ஊர்களில் காலராக நிற்கிறேன். சட்டைக் காலர் இல்லை! அடுத்த அடி என்ன என்று மேடையிலிருந்து சொல்லிக்கொடுக்கிற ஆள்.

பிரச்சினை இதுதான். இசை இல்லாமல் ஆட்டத்தை நடத்திக் காட்டும்போது நான் சொல்வது எல்லாருக்கும் புரிகிறது. பேண்ட் வாசிக்கத் தொடங்கியதும் பின்பாதி வரிசைக்கு ஒன்றும் புரிவதில்லை. போன சனிக்கிழமை ராபின்கள் மட்டும் நடுவே போக வேண்டிய இடத்தில் லார்க்குகளும் பாய்ந்துவிட்டார்கள். நாலு கை ஒரே இடத்தில் முட்டிக்கொண்டது, ஒரு பெரியவரின் கண்ணாடி கழன்று விழுந்தது. (ஜோடியில் இடப்பக்கம் நிற்பவர் லார்க், வலப்பக்கம் நிற்பவர் ராபின். ஆண், பெண் என்று சொல்வதற்குப் பதிலாக இப்போது பல இடங்களில் இப்படித்தான்.)

சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் பாக்ஸ் ஊளையிடுகிறது. அடி காட்ட நான் தரைக்கு இறங்கினால் இன்னும் மோசம். ஒரு கையில் ஆட்டம் எழுதிய அட்டை இருக்கும், இன்னொரு கையால் காட்ட வேண்டும் என்பதால் பழைய கார்ட்லெஸ் ஹெட்செட் மைக் ஒன்று வாங்கினேன். ஒலிக்கென்று தனி ஆள் கிடையாது. ஹாலில் கிடக்கும் மிக்சரை (எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து கூட்டிக் குறைக்கும் பெட்டி) நானேதான் திருப்புகிறேன். ராத்திரி வீடு வரும்போது தொண்டை கட்டிவிடுகிறது. பெரிய பாக்ஸ் வாங்கச் சொல்லலாமா?

மைக்செட்காரன்

தங்கச்சி, நான் திருநெல்வேலிப் பக்கம், முப்பது வருஷமா மைக் செட் தொழில். இந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை. ஆனால் ஊளை எல்லா ஊரிலும் ஒரே ஊளைதான்: பாக்ஸ் சத்தம் திரும்ப மைக்குக்குள் போகிறது.

பெரிய பாக்ஸ் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். முதலில் இதைச் சொல்லுங்கள். பாக்ஸ் இரண்டும் எங்கே நிற்கிறது, உங்களுக்கு முன்னாலா பின்னாலா? ஹால் எவ்வளவு நீளம்? எத்தனை மைக் திறந்திருக்கிறது? பின்னால் இருப்பவர்களுக்குக் குரல் சின்னதாகக் கேட்கிறதா, கேட்டும் புரியவில்லையா? கடைசிக் கேள்விதான் முக்கியம். இரண்டும் வேறு வேறு நோய்.

வரிசைநடனம்

அண்ணா, நன்றி. ஹால் சுமார் இருபது மீட்டர் நீளம். பாக்ஸ் இரண்டும் மேடையின் இரு ஓரத்தில் ஸ்டாண்டில், கிட்டத்தட்ட ஆள் தலை உயரத்தில். நான் அவற்றுக்கு ஒரு அடி பின்னால் நிற்கிறேன். பேண்டுக்கு நாலு மைக், எனக்கு ஒன்று. பின்னால் ஆடும் தோழியிடம் கேட்டேன். “சத்தம் வருது, வார்த்தை வரல. கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு” என்றாள்.

புதுவரவு

உங்கள் மிக்சரில் கம்ப்ரஸர் இருந்தால் போட்டுவிட்டு கெயினை (மைக்கிலிருந்து வரும் சத்தத்தைத் தூக்கும் நாப்) ஏற்றுங்கள். குரல் தூக்கிக் காட்டும்.

எட்டுசேனல்

மன்னிக்கவும், இந்த இடத்தில் அது நடக்காது. கம்ப்ரஸர் சத்தமான இடத்தை அழுத்தும். அழுத்தியதை ஈடுகட்ட மொத்தத்தையும் ஏற்றுவோம். ஆக, அவர் பேசாமல் நிற்கும் நேரத்தில் மைக் முன்பைவிடக் கூர்மையாகக் கேட்கும். ஊளை இன்னும் சீக்கிரம் வரும்.

நான் டொராண்டோவில் மேடை ஒலி வேலை பார்க்கிறேன். வரிசைநடனம், முதல் சந்தேகம் உங்கள் ஹெட்செட் மேல். கன்னத்தோரம் நிற்கும் அந்தக் குட்டி மைக்குகள் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் கேட்பவை. உங்கள் வாயும் அதற்கு ஒன்றுதான், பக்கத்து பாக்ஸும் ஒன்றுதான். அதை மாட்டிக்கொண்டு தரைக்கு இறங்குகிறீர்கள் என்றால் நேராக பாக்ஸின் வாய்க்கு முன்னால் போய் நிற்கிறீர்கள்.

ஒரு எஸ்எம்58 போன்ற சாதாரண வயர் மைக்கை ஸ்டாண்டில் வையுங்கள். முன்னால் வருவதைக் கேட்கும், நேர் பின்னால் வருவதை மிகக் குறைவாகவே எடுக்கும். அட்டை ஒரு கையில், மறு கை சும்மா. உதட்டிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரம் போதும். பத்து சென்டிமீட்டரிலிருந்து ஐந்துக்கு வந்தாலே கிட்டத்தட்ட 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கும். அத்தனையும் உங்கள் குரல், ஊளை அதில் சேராது. மைக் தலையில் இருக்கும் வலையை மட்டும் உள்ளங்கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பொத்தினால் அதுவும் நாலா பக்கமும் கேட்கிற மைக் ஆகிவிடும்.

அப்புறம், அந்தப் பழைய கார்ட்லெஸின் அடியில் ஒரு எண் அச்சடித்திருக்கும். என்ன மெகாஹெர்ட்ஸ்?

வரிசைநடனம்

638 என்று இருக்கிறது. ஒரே அலைவரிசைதான், மாற்ற வழியில்லை.

எட்டுசேனல்

நினைத்தேன். அமெரிக்காவில் 617 முதல் 652 வரையும், 663 முதல் 698 வரையும் செல்போன் சேவைக்குக் கொடுத்துவிட்டார்கள். 2020 ஜூலை 13-க்குப் பிறகு அந்த இடத்தில் கார்ட்லெஸ் மைக் இயக்கக் கூடாது. 700 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளுக்கு 2010-லேயே கதவு மூடியாயிற்று. பழைய செட் மலிவாகக் கிடைப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செட்டை உள்ளே வையுங்கள்.

மைக்செட்காரன்

தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனால் எனக்கு அந்தக் “கிணறு” தான் உறுத்துகிறது. தங்கச்சி, உங்கள் சேனலில், அதாவது மிக்சரில் உங்கள் மைக்குக்கான வரிசையில், எக்கோ ஓடுகிறதா? நம்ம ஊரில் எக்கோ இல்லாமல் அறிவிப்பு செய்தால் செட்டு சரியில்லை என்பார்கள். “அன்பார்ந்த பெரியோர்களே… யோர்களே… யோர்களே” என்று வர வேண்டும். திருவிழாவுக்கு அது அழகு. அடுத்த அடி என்ன என்று காத்து நிற்கிறவனுக்கு விஷம். எஃப்எக்ஸ் என்று போட்ட நாப் எங்கே நிற்கிறது, பாருங்கள்.

ஃபிடில்பித்து

நான் பாஸ்டன் பக்கம், கான்ட்ரா பேண்டில் எப்போதாவது பியானோ வாசிப்பேன். கான்கார்ட் ஸ்கவுட் ஹவுஸில் ஆடியும் இருக்கிறேன். தமிழில் இப்படி ஒரு இழையைப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை!

மற்றவர்களுக்குப் புரிவதற்காக ஒரு கணக்கு. ஒரு சுற்று 64 தாளத் தட்டு, பதினாறு பதினாறாக நாலு பகுதி. நிமிஷத்துக்கு 116 தட்டு வேகம் என்றால் ஒரு சுற்று சுமார் 33 வினாடி. அடியின் பெயர் அந்த அடி தொடங்குவதற்கு முன்பே, முந்தைய அடியின் கடைசி இரண்டு மூன்று தட்டுக்குள் முழுதாகச் சொல்லி முடிந்திருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை வினாடி. அதற்குள் எக்கோ வால் ஆட்டினால் “லார்க்ஸ்”, “ராபின்ஸ்” இரண்டுக்கும் மிஞ்சுவது வெறும் “ஆ…”.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்கிறேன். பியானோவின் இடது கையும் கிதாரும் சேர்ந்து 200 முதல் 500 ஹெர்ட்ஸை அடைத்துக்கொள்ளும். குரலின் கனமும் அங்கேதான் இருக்கிறது. அங்கே எங்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். உங்கள் சேனலில் லோ கட் பொத்தானை (அடிச் சத்தத்தை வெட்டுவது) அமுக்குங்கள், 300 பக்கம் கொஞ்சம் குறையுங்கள். வார்த்தையைப் புரியவைக்கும் க், ஸ், ட் எல்லாம் பெரும்பாலும் 2000-க்கு மேலே இருக்கின்றன, அவை தானாக வெளியே வரும். பேண்டை அடக்கி வைக்கலாம் என்று மட்டும் போகாதீர்கள். ஜனங்கள் வருவது ஃபிடிலுக்காக, நமக்காக இல்லை.

உங்களுக்கு மானிட்டர் (மேடையில் நிற்பவர் கேட்பதற்கென்று வைக்கும் பாக்ஸ்) இருக்கிறதா? அதில் ஃபிடில் வருகிறதா?

வரிசைநடனம்

எனக்கென்று மானிட்டர் இல்லை. பேண்டின் மானிட்டரைத்தான் ஓரமாகக் கேட்டுக்கொள்வேன்.

ஃபிடில்பித்து

அதனால்தான் தொண்டை போகிறது. நம் குரல் நமக்குக் கேட்காவிட்டால் தானாகக் கத்துவோம். சின்ன மானிட்டர் ஒன்றை மைக்கின் நேர் பின்னால், உங்களைப் பார்த்து வையுங்கள். எஸ்எம்58-க்குக் காது கேட்காத இடம் அதுதான். அதில் ஃபிடில் முக்கால், உங்கள் குரல் கால். ராகத்தின் இரண்டாம் பாதி எப்போது திரும்புகிறது என்பது ஃபிடிலில்தான் தெரியும். பியானோவை நம்பினால் ஏமாந்துபோவீர்கள், நாங்கள் சுற்றுக்குச் சுற்று மாற்றி வாசிப்போம்.

எட்டுசேனல்

ப்ளூடூத் பாக்ஸை மானிட்டராக வைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், வேண்டாம். அது எளிதாக நூறு, இருநூறு மில்லிசெகண்ட் பின்தங்கும். 116 வேகத்தில் ஒரு தட்டே 517 மில்லிசெகண்ட்தான். கால் தட்டு அளவுக்குத் தாமதமாக ஃபிடிலைக் கேட்டுக்கொண்டு சொன்னால் வரிசையே சரிந்துவிடும்.

இன்னொன்று. திறந்திருக்கும் மைக் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஊளை வருமுன் சத்தத்தைக் கூட்டக் கிடைக்கும் இடம் சுமார் 3 டெசிபல் குறையும். இசை இல்லாமல் நீங்கள் அடி சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் பேண்டின் நாலு மைக்கையும் மூடிவிடுங்கள்.

வரிசைநடனம்

நேற்று நடனம் முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

மைக்செட்காரன் அண்ணா, உங்களுக்கு ஒரு கும்பிடு. என் சேனலின் எஃப்எக்ஸ் நாப் கடிகாரத்தில் இரண்டு மணி முள் நிற்கிற இடத்தில் நின்றது. ஹாலில் நடந்த வேறு ஏதோ நிகழ்ச்சிக்கு யாரோ பாட வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். இத்தனை வாரமாக என் சேனலில் நான் கெயினையும் ஃபேடரையும் தவிர எதையும் தொட்டதே இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. பூஜ்யத்துக்குத் திருப்பியதும் குரல் சின்னதானது போல் எனக்குத் தோன்றியது. பின்னாலிருந்து தோழி கட்டைவிரலைத் தூக்கினாள்.

ஆட்டம் தொடங்குமுன் ஒரு சோதனை வைத்தோம். பேண்ட் முழுச் சத்தத்தில் வாசிக்க, நான் அட்டையில் இருந்ததை வரிசை மாற்றிப் படித்தேன். அவள் பின்சுவர் ஓரம் நின்று காதில் விழுந்ததை எழுதினாள். எக்கோவோடு பத்தில் நாலு. எக்கோ இல்லாமல், வயர் மைக்கில், லோ கட் போட்டு, 300-ஐக் குறைத்து, பத்தில் ஒன்பது. “அலமாண்ட் லெஃப்ட்” (இடக்கை கோத்துச் சுற்றுவது) என்றதை மட்டும் “ஆல் அண்டர் லெஃப்ட்” என்று எழுதியிருந்தாள்.

மானிட்டர் இரவல் கிடைத்தது. தொண்டை நன்றாக இருக்கிறது, காலையில் அம்மாவிடம் ஒரு மணி நேரம் போனில் பேசினேன்.

தரைக்கு இறங்குவதை விட்டுவிட்டேன். முன்வரிசையில் பழகின நாலு பேரைக் காட்டச் சொல்லிவிட்டு மேடையிலிருந்தே பேசுகிறேன்.

மிச்சம் இரண்டு பிரச்சினை. ஒன்று, பெட்ரனெல்லா சுழற்சி. கைகோத்து வட்டமாக முன்னும் பின்னும் நாலு தட்டு (இதுதான் பேலன்ஸ்), பிறகு தனித்தனியாகச் சுழன்று அடுத்தவர் இடத்துக்குப் போக நாலு தட்டு. அந்தக் கடைசி இரண்டு தட்டில் எல்லாரும் பட் பட் என்று கைதட்டுவார்கள். அடுத்த பேலன்ஸைச் சொல்ல வேண்டிய இடமும் அதே இரண்டு தட்டுதான்! இரண்டு, ஹாலின் பின் இடது மூலை. மாடி நீட்டிக்கொண்டிருப்பதற்குக் கீழே நிற்பவர்களுக்கு இன்னும் தெளிவில்லை.

ஃபிடில்பித்து

கைத்தட்டை எந்த மிக்சரும் ஜெயிக்காது. சுழலத் தொடங்கும்போதே, ஐந்தாம் ஆறாம் தட்டில் சொல்லி முடித்துவிட்டுக் கைத்தட்டுக்கு வழி விடுங்கள். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அந்த இடத்தில் வாயே திறக்க வேண்டாம், உடம்பு பழகிவிடும். எப்படியும் ஐந்தாறு சுற்றில் சொல்வதையே நிறுத்திக்கொள்ளப் போகிறவர்தானே நீங்கள்.

மைக்செட்காரன்

மூலைக்கு மருந்து ஸ்டாண்டில் இருக்கிறது. பாக்ஸ் தலை உயரத்தில் நின்றால் மேல் சுரம் முழுக்க முன்வரிசை உடம்பிலேயே நின்றுபோகும். நாங்கள் குழாய் ஸ்பீக்கரை மரத்தில் ஏற்றிக் கட்டுவது அழகுக்கா? ஸ்டாண்டை முழுசாக உயர்த்துங்கள், காலை அகல விரித்து மணல் மூட்டை போடுங்கள். ஆடுகிற தரை, அதிர்ந்து சாயக்கூடாது. முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்து, வலது பாக்ஸை அந்த மூலைக்கு நேராகத் திருப்பிவிடுங்கள்.

வரிசைநடனம்

ஸ்டாண்டில் இன்னும் இரண்டு துளை மிச்சம் இருக்கிறது, வரும் சனிக்கிழமை ஏற்றிப் பார்க்கிறேன். ஆல் அண்டர் லெஃப்டுக்கு ஏதாவது வழி உண்டா?

ஃபிடில்பித்து

“லெஃப்ட் ஹேண்ட்” என்று முதலில் சொல்லுங்கள். கை நீண்டுவிடும், பெயர் மெதுவாக வரட்டும்.

எட்டுசேனல்

அந்த 638 செட்டை வேறு யார் தலையிலும் கட்டிவிடாதீர்கள்.

வரிசைநடனம்

கட்டமாட்டேன். பேட்டரி மகனின் பொம்மைக்குப் போய்விட்டது.