அனுப்புச் செலவைப் பார்த்ததும் விலகிப்போகும் வாடிக்கையாளர்கள்

கேள்வி:
வணக்கம். உடன்குடிக் கருப்பட்டியை இணையவழியில் விற்று வருகிறேன். கிலோ 400 ரூபாய். அதில் என் கையில் நிற்பது 90 ரூபாய். ஒரு கிலோவை ஓலைப்பெட்டியில் அடுக்கி, அட்டைப்பெட்டிக்குள் இறக்கி ஒட்டினால் எடை 1,180 கிராம் வந்துவிடுகிறது. கூரியர்காரர் அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கணக்கிடுவதால், சென்னைக்கு ஒன்றரைக் கிலோவுக்கான 110 ரூபாயைக் கட்ட வேண்டியிருக்கிறது. பணம் செலுத்தும் பக்கத்தில் இந்தத் தொகையைக் கண்டதும் பலர் வாங்காமலே போய்விடுகிறார்கள். கிலோ 510 ரூபாய் என்று விலையை ஏற்றி, ‘அனுப்புச் செலவு இலவசம்’ என்று போட்டுவிடலாமா? இரண்டு ஆண்டுகளாக வாங்குகிறவர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, அப்படிச் செய்யாதீர்கள். மூன்று கிலோ வாங்குகிறவர் உங்கள் கணக்கில் அனுப்புச் செலவாக மட்டும் 330 ரூபாய் தருவார். உங்களுக்கு ஆகும் செலவு அவ்வளவு இராது. நெடுநாளாக நிறைய வாங்குகிறவரிடம் கூடுதலாகப் பிடித்து, ஒருமுறை வாங்கிப் போகிறவருக்குச் சலுகை தருவதாகத்தான் அது முடியும்.

நான் சென்னிமலைப் போர்வை விற்கிறேன். 1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் அனுப்புச் செலவு இல்லை என்று அறிவித்தபோது ஒவ்வொரு ஆர்டரும் பெரிதாயிற்று. ஆனால் மாதந்தோறும் வந்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தார்கள். போர்வை அலமாரியில் கிடக்கும். கருப்பட்டியோ மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கசிந்துவிடும். சலுகைக்காக நான்கு கிலோ வாங்கி வைத்தவர், அது கசியும்போது உங்கள் சரக்கைத்தான் குறை சொல்வார்.

மறுமொழி 2:
வாங்குகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். 110 ரூபாய் எனக்குப் பாரமில்லை. பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு அதைச் சொல்வதுதான் மனத்தை முறிக்கிறது. அந்தக் கடைக்கு மறுபடி போகத் தோன்றுவதில்லை. விநியோகக் கட்டணம் உள்ளிட்ட மொத்த விலையைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளே சொல்கின்றன. கட்டணத்தைக் கடைசியில் வெளிப்படுத்தும் வழக்கத்தை 2023இல் வந்த நெறிமுறைகள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன. கருப்பட்டியின் விலைக்குக் கீழேயே பின்கோடு கேட்டுக் கட்டணத்தைக் காட்டிவிடுங்கள். உடன்குடிக் கருப்பட்டி என்ற நம்பிக்கையில்தான் உங்களிடம் வருகிறோம், இலவசம் என்ற சொல்லுக்காக அல்ல.

மறுமொழி 3:
நீங்கள் 1,180 கிராம் அனுப்பி 1,500 கிராமுக்குப் பணம் கட்டுகிறீர்கள். மீதி 320 கிராமுக்கு வெறும் பெட்டிதான் போகிறது. அந்த இடத்தில் கால் கிலோ சுக்குக் கருப்பட்டியைச் சேர்த்து ஒரே பொதியாக விற்றால், அதே 110 ரூபாய் வாங்குகிறவருக்கு நியாயமாகத் தோன்றும்.

இன்னொன்று: ஆண்டுக்கு ஆறு முறை வாங்குகிறவரால் உங்களுக்கு 540 ரூபாய் மிஞ்சுகிறது. இரண்டாம் ஆர்டரிலிருந்து அனுப்புச் செலவில் 30 ரூபாயை நீங்களே ஏற்றுக்கொண்டாலும் 390 ரூபாய் நிற்கும். அந்தச் சலுகையைப் பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் கொடுங்கள். புதியவருக்குக் கொடுத்தால் அவர் மீண்டும் வருவார் என்பதற்கு உறுதியில்லை.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இன்று காலை கால் கிலோ சுக்குக் கருப்பட்டியை ஓலைப்பெட்டியின் ஓரத்தில் செருகி எடைபோட்டுப் பார்த்தேன்; 1,440 கிராம் காட்டியது. பின்கோடு கேட்கும் பெட்டியைப் பொருளின் பக்கத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். விலையை ஏற்றப் போவதில்லை.