ராஸ் மீனுக்கு ஒரு வேளையா, நாலு வேளையா?

புதுத்தொட்டி:
சென்னை வீட்டில் 55 காலன் உப்புத் தண்ணீர் தொட்டி, வைத்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு கிளவுன் மீனும், ராஸ் என்ற கடல் மீன் குடும்பத்தில் சிக்ஸ்லைன் என்ற சின்ன வகை ஒன்றும் முன்பே இருந்தன. மூன்று வாரம் முன்பு ஒரு மஞ்சள் ராஸ் வாங்கினேன், அறிவியல் பெயர் ஹாலிகோயரஸ் கிரைசஸ். விட்ட அன்றே மணலுக்குள் போனது, நான்கு நாள் ஆளையே காணோம். செத்துவிட்டது என்று கடைக்காரருக்கு ஃபோன் கூடப் போட்டேன். ஐந்தாம் நாள் காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருக்கிறது!

இப்போது பிரச்சினை வேறு. இரவு எட்டு மணிக்கு ஆபீஸ் விட்டு வந்து உறைந்த மைசிஸ் (பொடி இறால் மாதிரி இருக்கும்) ஒரு கட்டி போடுகிறேன். பாய்ந்து பாய்ந்து தின்கிறது. ஆனாலும் அடிவயிறு ஒட்டிப்போய், பக்கவாட்டில் பார்த்தால் கரண்டிக் குழி மாதிரி தெரிகிறது. கடையில் கேட்டால், "கடல் மீனுக்கு ஒரு வேளை போதும், அதிகம் போட்டால் தண்ணீர் கெட்டுவிடும்" என்கிறார்கள். சரியா?

ராணி_ரீஃப்:
சரியில்லை. ராஸ் குடும்பத்துக்கே இரைப்பை கிடையாது. தொண்டையில் இருக்கும் பற்களால் அரைத்து நேராகக் குடலுக்கு அனுப்பிவிடும். சேர்த்து வைக்க இடமில்லாத உடம்பு அது. கடலில் பகல் முழுக்கக் கொத்திக்கொண்டே திரியும். நீங்கள் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு கட்டி போட்டால் அதில் கொஞ்சம் செரிக்காமலே வெளியே போகலாம், மீதி நேரம் பட்டினி. அதோடு எட்டு மணி என்பது அதற்குத் தூங்கப் போகும் நேரம். குறைந்தது மூன்று வேளை, முடிந்தால் நான்கு. ஒவ்வொரு முறையும் சிட்டிகை அளவு.

கொளத்தூரான்:
வந்துவிட்டார்கள் இரைப்பைக் கட்சி. அக்கா, கோல்டுஃபிஷுக்கும் இரைப்பை கிடையாது. எங்கள் வீட்டில் ஒன்று ஏழு வருஷமாக ஒரு வேளைச் சாப்பாட்டில் கொழுகொழுவென்று இருக்கிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

போன வருஷம் இதே அறிவுரையைக் கேட்டு நான் நாலு வேளை போட ஆரம்பித்தேன். இரண்டே மாதத்தில் தண்ணீரில் நைட்ரேட், அதாவது கழிவும் மிச்சச் சாப்பாடும் சிதைந்து சேர்வது, 8-லிருந்து 40-க்கு ஏறியது. பாறையெல்லாம் முடி மாதிரி பச்சைப் பாசி. வாராவாரம் பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ராஸ் நன்றாகத்தான் இருந்தது, பவளம் இரண்டு போச்சு. எட்டு மாதத் தொட்டியில் லைவ் ராக் (சிற்றுயிர்கள் குடியிருக்கும் பாறை) இருக்கிறது, அதில் கோபிபாட் என்ற பொடி உயிர்கள் இருக்கின்றன. மீன் அதைக் கொத்திக்கொள்ளும். பயமுறுத்தாதீர்கள்.

ராணி_ரீஃப்:
கோல்டுஃபிஷ் வாலை ஆட்டிக்கொண்டு மெதுவாகப் போகிற மீன். ராஸ் பக்கத் துடுப்பைச் சிறகு மாதிரி அடித்து, விளக்கு எரிகிற நேரம் முழுக்க ஓடுகிற மீன். ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், இரண்டு நிமிஷம் ஓரிடத்தில் நிற்கிறதா என்று. செலவு அதிகம், சேர்த்து வைக்க இரைப்பை கிடையாது, அப்புறம் வரவு ஒரு வேளை என்றால் எப்படி?

கோபிபாட் கதைக்கு வருகிறேன். அந்தத் தொட்டியில் முன்பிருந்தே ஒரு சிக்ஸ்லைன் இருக்கிறது. பாறை இடுக்கு இடுக்காகப் போய்ப் பொறுக்குவதே அதற்கு வேலை. புதிதாக வந்த மஞ்சளுக்கு அது என்ன மிச்சம் வைத்திருக்கும்?

கொளத்தூரான்:
சிக்ஸ்லைன் விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். அதைக் கடைசியாகத்தான் விட்டிருக்க வேண்டும். முதலில் விட்டால் தொட்டி அதன் பெயருக்குப் பட்டா ஆகிவிடும். என் தொட்டியில் ஒரு ஃபிளாஷர் ராஸை மூன்றே நாளில் மூலைக்குத் தள்ளியது. விரல் நீள மீன், ரவுடித்தனத்துக்குக் குறைச்சலே இல்லை.

ஆனால் நைட்ரேட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

அலையோசை:
இடையில் ஒரு கேள்வி. கிளீனர் ராஸ் ஒன்று விட்டால் மற்ற மீன்களின் வெள்ளைப் புள்ளி நோயையும் தின்றுவிடும் என்கிறார்களே, அதற்குத் தனியாகச் சாப்பாடு போட வேண்டாமாமே?

ராணி_ரீஃப்:
தயவுசெய்து வேண்டாம். அது தின்பது மீன் தோலின் மேல் ஒட்டியிருக்கும் நாத்தீட் என்ற சிறு ஒட்டுண்ணிகளை. வெள்ளைப் புள்ளிக் கிருமி தோலுக்கு அடியில் இருக்கிறது, அதன் வாய்க்கு எட்டாது. ஒரு நாளைக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணி தின்னும் என்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் அலெக்சாண்ட்ரா கிரட்டர் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்திருக்கிறார். உங்கள் வீட்டு நாலு மீனிடம் அதற்கு எங்கே போவது? பெரும்பாலும் பட்டினியில்தான் சாகும்.

நீர்கொழும்பான்:
நான் இலங்கையில், ஏற்றுமதிக்கு மீன் பொதி செய்யும் இடத்தில் சில வருஷம் வேலை பார்த்தவன். நீங்கள் இருவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள்.

பொதி செய்வதற்கு முன் மீனுக்கு ஒரு நாள், இரண்டு நாள் சாப்பாடு கொடுக்க மாட்டோம். கொடுத்தால் பைக்குள் கழிவு போட்டு, அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே அம்மோனியா ஏறிச் செத்துப்போகும். அதற்கு முன் பிடித்தவரின் வாளி, பிறகு விமானம், பிறகு இறக்குமதியாளர், கடைசியில் கடை. கடைத் தொட்டியில் பெரிய மீன்களோடு போட்டி. இந்த மஞ்சள் ராஸ் தம்பியின் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பட்டினிதான். வந்தும் நான்கு நாள் மணலுக்குள். உடம்பில் இருந்த கொழுப்பெல்லாம் அதிலேயே கரைந்திருக்கும்.

பழகிக் கொழுத்த ராஸ் வேறு, புதிதாக வந்த ராஸ் வேறு. கொளத்தூரான் அண்ணை சொல்வது முதல் வகைக்கு ஓடும். இரண்டாவதுக்கு ஓடாது.

இன்னொன்று. தம்பி, அதன் கழிவைப் பார்த்தீர்களா? வெள்ளை நூல் மாதிரி தொங்கினால் குடலில் புழு இருக்கலாம். அப்படியானால் எத்தனை வேளை போட்டாலும் வயிறு ஏறாது, மருந்துதான்.

புதுத்தொட்டி:
பார்த்தேன். கழிவு மைசிஸ் நிறத்தில்தான் இருக்கிறது, நூல் மாதிரி இல்லை. பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான். தானாகவே சாப்பாடு போடும் ஆட்டோ ஃபீடர் வாங்கிவிடட்டுமா?

கொளத்தூரான்:
ஆட்டோ ஃபீடரா! சென்னைப் புழுக்கத்தில் தொட்டிக்கு மேலே வைத்தால், அதிலிருக்கும் பெல்லட் (காய்ந்த குருணைத் தீவனம்) ஈரம் இழுத்து உருண்டை பிடித்துக்கொள்ளும். மூன்று நாள் எதுவுமே விழாது, நான்காம் நாள் மொத்தமாக விழும். எனக்கு நடந்தது. ஊரிலிருந்து வந்து பார்த்தால் தண்ணீர் கஞ்சி.

அம்மாவிடமே சொல்லுங்கள். ஆனால் அம்மாக்களுக்குச் சிட்டிகை என்றால் கைப்பிடி. அளந்து வைத்துவிட்டுப் போங்கள்.

ராணி_ரீஃப்:
முதல் தடவையாக ஒத்துப்போகிறோம். நான் செய்வது இதுதான்: மாத்திரை டப்பா இருக்கிறதே, காலை, மதியம், மாலை என்று அறை பிரித்தது, அதில் பெல்லட் போட்டு வைப்பேன். ஒரு அறைக்குப் பத்து, பன்னிரண்டு, அவ்வளவுதான். இரவுக் கட்டி மைசிஸையும் பாதியாக உடைத்து, பாதியைக் காலையில் போடுங்கள். மொத்த அளவு கொஞ்சம்தான் ஏறும், நைட்ரேட்டும் பாய்ந்து ஏறாது. கொளத்தூரான் சார் நாலு வேளையும் முழுக்கட்டி போட்டிருப்பார் என்று சந்தேகம்.

மார்க்கெட் இறாலும் கணவாயும் கூடப் போடலாம். உப்புப் போடாமல், வேக வைக்காமல், அதன் வாய்க்குத் தகுந்த மாதிரி கடுகளவுக்கு நறுக்க வேண்டும். அதற்கு வாய் சின்னது, பெரிய துண்டைப் பாறையில் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடும்.

கொளத்தூரான்:
முழுக்கட்டி இல்லை, முக்கால்.

நீர்கொழும்பான்:
இரண்டு முனையில் போடுங்கள் தம்பி. ஒரு பக்கம் சிக்ஸ்லைனுக்குக் கொஞ்சம் போட்டு அது அங்கே மும்முரமாக இருக்கும்போது, மறுபக்கம் மஞ்சளுக்கு. மணல் ஐந்து சென்டிமீட்டராவது இருக்கிறதல்லவா? பருமணல் என்றால் புதையும்போது உடம்பு கீறும்.

புதுத்தொட்டி:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். காலையில் நான், பதினொன்றுக்கும் மூன்றுக்கும் அம்மா, ஆறு மணிக்கு விளக்கு மங்குவதற்கு முன் மறுபடி அம்மா. கரண்டிக் குழி போய்விட்டது. வயிறு நேர்க்கோடாகி, இரண்டு நாளாக லேசாக உருண்டு தெரிகிறது. இப்போதெல்லாம் அம்மா சேரை இழுத்தாலே கண்ணாடிக்கு வந்துவிடுகிறது. நைட்ரேட் 10 இருந்தது, இப்போது 18.

கொளத்தூரான்:
சொன்னேன் அல்லவா. 18.

ராணி_ரீஃப்:
வயிறு உருண்டிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார், அதையும் படியுங்கள். வாராவாரம் மாற்றும் தண்ணீரைப் பத்து சதவீதத்திலிருந்து பதினைந்தாக்கினால் 18 அடங்கும். ஒரு மாதம் போகட்டும், பிறகு மூன்று வேளைக்கு இறங்கலாம்.

கொளத்தூரான்:
மூன்று என்றால் சண்டை போட மாட்டேன்.

நீர்கொழும்பான்:
தொட்டிக்கு மூடி இருக்கிறதா? கொழுத்த ராஸ் நன்றாகவே குதிக்கும். சிக்ஸ்லைன் துரத்தினால் இன்னும் நன்றாக.

புதுத்தொட்டி:
வலை மூடி அளவு கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரும் என்றார்கள்.

நீர்கொழும்பான்:
அதுவரை கொசுவலைத் துணியாவது கட்டி வையுங்கள். இன்று ராத்திரியே.