பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைங்க சாயங்கால வகுப்புக்கு வந்தப்போ… உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

மரக்காணம் அக்கா:
2022 கார்த்திகை. பள்ளிப் பிள்ளைங்களுக்கு அரசு நடத்தின சாயங்கால வகுப்பு, அதான் இல்லம் தேடிக் கல்வி, அதுக்கு எங்க தெருவுல நான்தான் தன்னார்வலர். அஞ்சுல இருந்து ஏழு மணி வரைக்கும், எங்க வீட்டுத் திண்ணை. மூணாவது படிக்கிற தங்கச்சியைக் கொண்டுவந்து விட ஒரு பையன் வருவான். ஆறாவதோட நின்னவன், செங்கல் சூளைக்குப் போற குடும்பம். விட்டுட்டுப் போகமாட்டான், வேப்பமரத்துக்கிட்டயே நிப்பான். நாலஞ்சு நாள்ல தானா வந்து ஓரமா உக்காந்தான். நான் பேர் கூப்பிட்டு முடிச்சதும் "அக்கா, எம் பேரு?"ன்னான். நோட்டுல கடைசி வரியில பென்சில்ல எழுதினேன். மறுநாள் கூப்பிட்டதும் "உள்ளேன் அக்கா"ன்னு எழுந்து நின்னான் பாருங்க, எதிர்வீட்டு ஆயா எட்டிப் பார்த்துச்சு.

அடுத்த வாரம் பார்வையிட ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சது. பள்ளியில பேரே இல்லாத பிள்ளையை எப்படிச் சேர்த்தேன்னு கேட்டுடுவாங்களோன்னு பயந்து ரப்பரால அழிச்சுட்டேன். யாரும் அழிக்கச் சொல்லல. அன்னைக்குக் கடைசிப் பேர் வரைக்கும் என் வாயையே பார்த்துட்டிருந்தான். அப்புறம் வரல. தீபம் முடிஞ்சு சூளைக்குப் போயிட்டாங்க.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அழித்தது தவறு அம்மா, வருத்தத்தோடு சொல்கிறேன். பள்ளியில் பெயர் இல்லாத பிள்ளைக்குத்தான் அந்தத் திண்ணை முதலில் சொந்தம். என்னிடம் ஒரு சிறுமி டி.சி. (பள்ளி மாற்றுச் சான்றிதழ்) இல்லாமல் வந்து, சேர்த்துக்கொள்ளும்வரை மதிய உணவுத் தட்டை மார்போடு அணைத்தபடி நின்றாள். அன்றே சேர்த்தேன்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இன்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி பெறுவது அந்தப் பிள்ளையின் உரிமை. டி.சி. வரவில்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநரைப் பாருங்கள், எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வயது தாண்டிவிட்டால் பள்ளிக்குப் போகாமலே எழுதும் தனித்தேர்வு இருக்கிறது. எட்டாம் வகுப்புக்குப் பன்னிரண்டரை வயது, பத்தாம் வகுப்புக்குப் பதினாலரை நிறைந்திருக்க வேண்டும். பத்தாவது எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். இதைத் தவறவிட்டுப் பல பிள்ளைகள் ஒரு வருடத்தை இழக்கிறார்கள்.

வேடசந்தூர் பொண்ணு:
ஐயா, சட்டம் சரிதான். ஆனா வயசுக்கேத்த வகுப்புன்னு சொல்லி, எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையை எட்டாவதுல உக்கார வெச்சா அது ரெண்டே நாள்ல ஓடிரும். நான் ஓடினேன். மில்லுல இருந்து திரும்பி வந்தவ நான்.

என்னை மறுபடி உக்கார வெச்சது மாரியம்மன் கோயில் மண்டபத்துல பாடம் எடுத்த ஒரு அக்கா. எனக்கு வாசிக்க வராதுன்னு அவங்களுக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல. "எனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும், நீ மூணாவது பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடு"ன்னு அவங்க புத்தகத்தை எங்கிட்டக் குடுத்தாங்க. மறுநாள் பிள்ளைங்க முன்னாடி திணறக் கூடாதேன்னு ராத்திரி சிம்னி விளக்குல அந்த ஒரு பக்கத்தை விரல் வெச்சு வெச்சுப் படிப்பேன். ஒரு நாள் ஒரு வாண்டு "டீச்சர்"னு கூப்பிட்டுட்டான். மண்டபத்துக்குப் பின்னாடி போய் அழுதுட்டு வந்தேன். பத்தாவது தனித்தேர்வுலதான் பாஸ் பண்ணேன்.

சங்கராபுரம்:
முன்பணத்தைப் பத்தி யாரும் பேசலையே. நான் ஒரு வீட்டுக்குப் போய்ப் பையனை அனுப்புங்கன்னு கேட்டேன். அந்த அம்மா ஒண்ணும் சொல்லாம, கரும்பு வெட்டக் கட்டி வெச்சிருந்த மூட்டையைக் காட்டினாங்க. வாங்கின பணம் தீர்ற வரைக்கும் குடும்பமே போகணும், பிள்ளையை யார்கிட்ட விடுறது? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லயே வந்தாச்சு, அப்படிக் கட்டிப்போடுற கடன் செல்லாது. அதை அந்த அம்மாகிட்ட அன்னைக்குச் சொல்லத் தெரியல எனக்கு. பையனோட ஆயா ஊர்லயே இருந்தாங்க. அவங்ககிட்டயாவது கேட்டிருக்கணும்.

மரக்காணம் அக்கா:
எல்லாரும் சொன்னதைப் படிச்சேன். ஐயா, நீங்க சொன்னது சரி, நான் அழிச்சது தப்புதான். எங்க திண்ணைக்கு வந்த பையனோட தங்கச்சியை இன்னைக்குக் கடைவீதியில பார்த்தேன். அண்ணன் நம்பர் குடுத்தா. அவனுக்கு இப்போ பதினாலு வயசு தாண்டியிருக்கும். எட்டாவது தனித்தேர்வுக்கு எந்த மாசம் விண்ணப்பம் போடணும், யார்கிட்டப் போகணும்னு சொல்லுங்க ஐயா. கேட்டு வெச்சுக்கிட்டு அவன்கிட்டப் பேசணும்.