உதவிப் பணம் வருகிறது: கண்மாயா, சோலார் மோட்டாரா, கம்பெனியா?

முதுகுளத்தூர்க்காரன்:
எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர் பக்கம். நெல் விதைப்பு, அப்புறம் மிளகாய், எல்லாம் மழையையும் கண்மாயையும் (ஏரியை) நம்பித்தான். ஒரு தொண்டு நிறுவனம் வெளிநாட்டு நிதியில் இருபது லட்சம் வரை செலவு செய்யத் தயார், என்ன வேண்டும் என்று நீங்களே கூடிப் பேசிச் சொல்லுங்கள் என்கிறது. கூடினோம், சண்டைதான் மிச்சம். நிலம் அதிகம் உள்ளவர்கள் போர்வெல் போட்டு சோலார் மோட்டார் கேட்கிறார்கள், கடைமடைக்காரர்கள் கண்மாயைத் தூர்வாரச் சொல்கிறார்கள், இளவட்டங்களோ உற்பத்தியாளர் கம்பெனி ஆரம்பித்து மிளகாய் வத்தலை நேரடியாக விற்கலாம் என்கிறார்கள். நிலமில்லாத வீடுகள் முப்பது நாற்பது இருக்கும், அங்கிருந்து யாரும் கூட்டத்துக்கே வரவில்லை. பக்கத்து ஊரில் முன்பு யாரோ கொடுத்த சோலார் மோட்டாரின் கன்ட்ரோலர் போய், இப்போது பேனல் கம்பத்தில் ஆடு கட்டியிருக்கிறார்கள். அந்த நிலைமை எங்களுக்கும் வரக்கூடாது. எதைக் கேட்கலாம்?

கலுங்கடி:
போர் வேண்டவே வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டத்தில் பாதி இடத்தில் ஆழம் போனால் உப்புத் தண்ணீர்தான், அதை மிளகாய்க்குப் பாய்ச்சினால் இரண்டு மூன்று வருடத்தில் நிலம் போய்விடும். நல்ல தண்ணீரே வந்தாலும் அது ஒரு சிலர் வயலுக்குத்தான் பாயும்.

கண்மாய் என்றாலும் தண்ணீர் தேங்கும் உள்வாயில் ஜேசிபியை இறக்குவதோடு முடித்துவிடாதீர்கள். தோண்டியது எவ்வளவு என்று மழை வந்தபிறகு யாரும் அளக்க முடியாது, அதனால்தான் எல்லோருக்கும் அந்த வேலை பிடிக்கிறது. முதலில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், அடுத்து வயலுக்குத் தண்ணீர் விடும் மடை, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு, அப்புறம்தான் உள்வாய். 1984 வாக்கில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் ஏரி நவீனப்படுத்தும் திட்டம் வந்தபோது மடைக்குக் கீழே வாய்க்காலுக்குச் சிமெண்ட் பூசுவது முக்கிய வேலையாக இருந்தது. கண்மாயே நிறையாத வருடத்தில் அந்தச் சிமெண்ட் வாய்க்காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்று, ஆயக்கட்டு (கண்மாயில் பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறையுடையது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. அனுமதி வாங்காமல் தொட்டால் வேலை பாதியில் நிற்கும்.

கணக்குப்பிள்ளை:
பணம் உங்கள் சங்கக் கணக்குக்கு வரும் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் இப்போதே தெளிவுபடுத்திவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நன்கொடை வாங்கிய நிறுவனம் அதை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, தானே செலவு செய்ய வேண்டும். நிர்வாகச் செலவும் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஆகவே பட்ஜெட் தாளை முழுதாகக் கேட்டு வாங்குங்கள். இருபது லட்சத்தில் கண்மாய்க் கரையில் இறங்குவது எவ்வளவு, சம்பளம், வண்டி, பயிற்சி முகாம் எவ்வளவு என்று ஊருக்கே தெரியட்டும், கேட்பதில் தப்பில்லை.

அப்புறம், பராமரிப்புக்கு எவனும் பணம் தரமாட்டான். மடை ஷட்டருக்கு கிரீஸ் போடுவது, தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சிக்குக் கூலி, இதெல்லாம் உங்கள் பொறுப்பு. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊர் வரி போட்டு, வேலை தொடங்கும் முன்பே வசூலித்துவிடுங்கள். வேலை முடிந்தபிறகு கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள்.

வத்தல்காரி:
கம்பெனிக்கு இந்தப் பணத்தைத் தொடாதீர்கள் தம்பி. அதற்கென்றே 2020-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது: சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர், மூன்று வருட நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை, பங்குத்தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 வரை மானியம். அந்த மூன்று வருடம் முடிந்து மேனேஜர் சம்பளம் நின்றதும் எத்தனை கம்பெனி படுக்கிறது என்பது வேறு கதை.

நம் பக்கத்து உருண்டை மிளகாயான முண்டு வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். ஆனால் மண்டியில் கையை விட்டு அள்ளிப் பார்ப்பவர் நிறத்தையும் ஈரத்தையும்தான் பார்க்கிறார். மண்தரையில் காயப்போட்டு ஒரு நாள் தூறல் விழுந்தால் வெள்ளை விழுந்துவிடும், விலை சரிந்துவிடும். ஒரு சிமெண்ட் களமும் கொஞ்சம் தார்ப்பாயும் கேளுங்கள், இருபது லட்சத்தில் அது பெரிய செலவில்லை.

நிலமில்லாத வீடுகள் வரவில்லை என்கிறீர்களே, கூட்டத்தை எங்கே வைத்தீர்கள், எத்தனை மணிக்கு? கோயில் வாசலில் பகல் பதினோரு மணிக்கு என்றால் எப்படி வருவார்கள்? உங்கள் மிளகாய்ப் பழத்தைப் பறிப்பதே அந்த வீட்டுப் பெண்கள்தான். 1989-ல் ஐ.நா.வின் வேளாண் நிதியமான ஐஃபாட் உதவியோடு தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது முதலில் சேமிக்க வைத்தார்கள், அப்புறம்தான் வங்கிக் கடன். அதுதான் பின்னால் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் போனது. அவர்கள் தெருவிலேயே ராத்திரி ஒரு கூட்டம் போடுங்கள். ஆடா, களத்தில் கூலி வேலையா, என்ன வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

முதுகுளத்தூர்க்காரன்:
ரொம்ப நன்றி. கூட்டம் கோயில் வாசலில்தான் வைத்தோம், அக்கா கேட்டது சரி. வரத்துக்காலில்தான் சிக்கல். பாதி தூரம் ஆக்கிரமிப்பு, போர் வேண்டும் என்று அதிகம் சத்தம் போட்டவர் வயலும் அதில் அடக்கம்.

கலுங்கடி:
அப்படியானால் அவர் ஏன் போர் கேட்கிறார் என்பது புரிகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடம் வாங்கி, தாசில்தாருக்கு மனுக் கொடுத்து சர்வேயரை வரவழைத்து கல் ஊன்றுங்கள். அதுவரை அந்த நிறுவனத்திடம் எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.